மன்ஹாட்டன் வக்கீலுக்கு அம்பாசமுத்திரத்துக் குமாஸ்தா சொல்லுதது

ஏ யய்யா, உனக்கு நியூயார்க்குல வேலை ஆயிட்டுன்னு கேட்டதும் உன் ஆச்சி தெரு முழுக்கச் சீனி குடுத்துட்டு வந்துட்டா. வாயில போட்டவுக எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாக: "பேரன் வெள்ளைக்கார ஜட்ஜு முன்னால நின்னு வெளுத்து வாங்குவானோ?" நானும் "பின்னே!"ன்னு சொல்லி வச்சிருக்கேன். கம்பெனி வாங்குத, விக்குத பிரிவுல சேந்தவன் பல வருசம் கோர்ட்டுப் படியே மிதிக்காம இருந்துரலாம்னு எனக்குத் தெரியும். சீனி கரையட்டும், அப்புறம் சொல்லிக்கிடலாம்.

முன்சீப் கோர்ட்டு குமாஸ்தாவுக்கு மன்ஹாட்டன் என்ன தெரியும்னு நினைக்காதடே. கட்சிக்காரன் மடியை அவுக்க எடுத்துக்கிடுத நேரத்தை வச்சே எவ்வளவு எடுப்பான்னு சொன்ன ஆளு நான். வக்கீல் ஆபீஸ்னா எந்தச் சீமையிலும் வக்கீல் ஆபீஸ்தான்.

மொதல்ல துட்டைப் பேசுவோம். முதல் வருசத்துப் பையனுக்கு 225,000 டாலர். உன் மூளைக்குப் போட்ட மதிப்புன்னு நெஞ்சை நிமித்திராத. 2023 நவம்பர்ல மில்பேங்க்னு ஒரு வக்கீல் ஆபீஸ்காரன் சம்பளத்தை ஏத்தினான். அந்த மாசம் முடியுததுக்குள்ள கிரவாத்னு இன்னொரு ஆபீஸ்காரன் மூத்த பசங்களுக்கு அதுக்கு மேல ஒரு படி போட்டான். மத்தவனும் வரிசையா அதே கணக்கு. ஒரே வருசம் சேந்தவன்னா கெட்டிக்காரனுக்கும் அரைகுறைக்கும் ஒரே சம்பளம். அதுல மத்திய சர்க்கார் வரி, மாநில வரி, போதாக்குறைக்கு நியூயார்க் நகரமும் தனியா வருமான வரி வாங்கும். மிச்சத்துல வாடகை, நீ எல்.எல்.எம். படிக்க வாங்கின கடன். ஊருக்குப் போன் போட்டா மட்டும் வரியைக் கழிக்காம ரூபாயில பெருக்கிச் சொல்லு. உங்கப்பன் மொகத்துக்கு ஒரு களை வரட்டும்.

எங்க வக்கீலய்யா கிட்ட இருந்த ஜூனியருக்கு மாசச் சம்பளமே கெடையாது. தொழில் கத்துக் குடுக்கதே பெருசுன்னு கேஸ் கட்டைத் தூக்க விட்டாரு. மனசு வந்தா சாயங்காலம் டீக்குக் காசு. ஆனா பொழுது சாஞ்ச பொறவு அந்தப் பையன் எங்க போறான், யாரைப் பாக்கான்னு ஒரு நாளும் கேட்டதில்லை. உனக்குக் குடுக்க துட்டு பகலுக்கு இல்லடே, ராத்திரிக்கு.

பல ஆபீஸ்ல வருசம் 2,000 மணி நேரம் கணக்குக் காட்டணும்னு எதிர்பாக்காக. வாரம் நாப்பது மணி, அம்பது வாரம், இவ்வளவுதானேன்னு தோணும். கட்சிக்காரன் பேர்ல எழுத முடிஞ்ச நேரம் மட்டுந்தான் அதுல ஏறும். காப்பி குடிச்சது ஏறாது. பார்ட்னர் தன் மவன் நீச்சல் கத்துக்கிட்ட கதையைச் சொல்லி உன்னை நிக்க வச்சது ஏறாது. எட்டு மணி ஏத்தணும்னா பத்துப் பதினோரு மணி உக்காரணும். ஒரு மணியைப் பத்துக் கூறு போட்டு, ஆறு நிமிசத்துக்கு ஒரு கூறுன்னு எழுதணும். உன் ஒரு மணிக்கு 800 டாலர்னு வச்சுக்க, 2,000 மணிக்கு 16 லட்சம் டாலர். உனக்கு 225,000. மிச்சத்துல ஆபீஸ் வாடகையும் உண்டு, குமாஸ்தா சம்பளமும் உண்டு. அதுக்கும் மிஞ்சினது எங்க போகுதுன்னு வாய் விட்டுக் கேக்காத. பார்ட்னர் கடக்கரை வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடுவாரு, அப்பம் கண்ணால பாத்துக்க.

இந்த மணிக்கணக்கு வேரு புடிச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அது வில்லங்கம் பாக்குத சங்கதியில தொடங்குச்சு. வர்ஜீனியாவுல கோல்ட்ஃபார்ப்னு ஒரு புருசன் பொஞ்சாதி வீடு வாங்கப் போனாக. பத்திரம் சுத்தமான்னு பாத்துச் சொல்ல வக்கீல் கேட்ட கூலி, வீட்டு விலையில நூத்துக்கு ஒண்ணு. கொறைப்பாகளான்னு 36 வக்கீலுக்குக் கடுதாசி போட்டாக. 19 பேரு பதில் போட்டாக, ஒருத்தன் கூட எறங்கலை. வக்கீல் சங்கம் போட்ட விலைப்பட்டியல் அப்படி. அந்த ஆளு சும்மா விடுவானா, அவனும் வக்கீல்! அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1975-ல பட்டியலைச் செல்லாதுன்னு அடிச்சுட்டு. பட்டியல் போனா என்ன, வக்கீல் பொழப்பு நிக்குமா? ஏற்கெனவே சில ஆபீஸ்ல நடந்துட்டு இருந்த மணிக்கணக்கு அதுக்குப் பொறவு ஊரெல்லாம் நிலைச்சுப் போச்சு.

நீ பாக்கப் போறதும் வில்லங்கந்தான். ஒரு கம்பெனி இன்னொண்ணை வாங்கும். அதோட ஒப்பந்தம், குத்தகை, கடன் பத்திரம் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஒரு அறையில கெடக்கும். எந்த ஷரத்துல குழி இருக்குன்னு விடிய விடிய நீ படிக்கணும். முடிக்கித நாள்ல நாலு நாட்டுல இருக்கவன் கிட்டயும் கையெழுத்துப் பக்கத்தை வாங்கிச் சேக்கதுக்கு நீதான் பேயா அலையணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்ட்னர் "கொஞ்சம் நேரம் இருக்கா?"ன்னு எழுதுவாரு. அது கேள்வின்னு நெனச்சுப் பதில் யோசிக்காத. ராத்திரி எட்டு மணி தாண்டினா சாப்பாடு ஆபீஸ் செலவு, இன்னும் தாண்டினா வீட்டுக்குக் காரும் ஆபீஸ் செலவு. "எவ்வளவு நல்லவுக"ன்னு உன் ஆச்சி கண்ணீர் விட்டா. நானும் தொடைச்சு விட்டேன்.

ஒண்ணு மட்டும் நையாண்டி இல்லாமச் சொல்லுதேன். அகதின்னு அடைக்கலம் கேட்டு வாரவனுக்குக் கூலி வாங்காம நடத்துத கேஸ் இந்த ஆபீஸ்கள்ல உண்டு. பல எடத்துல அந்த நேரத்தையும் கணக்குல ஏத்துவாக. கை தூக்கி வாங்கிக்க. ஒரு மனுசனைப் பக்கத்துல உக்கார வச்சு ஜட்ஜு கிட்ட நீயே எந்திரிச்சுப் பேசலாம். ஆச்சி குடுத்த சீனிக்கும் ஒரு ஞாயம் வேணும்லா.

இனி பார்ட்னர் ஆசை. அந்தக் கிரவாத் ஆபீஸ்ல பால் கிரவாத்னு ஒரு மகராசன் போன நூற்றாண்டு தொடக்கத்துல வழி போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கான்: நல்ல காலேஜுல மொத எடத்துப் பசங்களை நெறைய எடு, பழக்கு, ஒண்ணு ரெண்டு பேரை மேல தூக்கு, மத்தவன் வெளிய போகட்டும். நிறையப் பேர் போனாத்தான் கணக்குச் சரியா வரும்னு தெரிஞ்சே உன்னை எடுக்காக. மேல போனவன் பாடும் கெட்டின்னு சொல்ல முடியாது. டூயி அண்ட் லெபூஃப்னு ஆயிரம் வக்கீலுக்கு மேல வச்சிருந்த ஆபீஸ், பார்ட்னர்மாருக்கு வாக்குக் குடுத்த பங்கைக் குடுக்க முடியாம 2012 மே மாசம் திவாலாச்சு.

அதனால பெரியவன் சொல்லுத சூட்சுமம் கேளு. நாலஞ்சு வருசம் இரு, கடனை அடை, தொழிலைக் கறந்துக்க. பொறவு நீ யாருக்காகக் கண்ணு முழிச்சியோ அந்தக் கம்பெனியிலயே சட்ட அதிகாரியாப் போய் உக்காரு. ஆபீஸ்ல கேக்கு வெட்டித்தான் அனுப்புவாக, கோவிக்க மாட்டாக. வெளிய போன பசங்களுக்கு வருசா வருசம் விருந்து வேற வைப்பாக. கட்சிக்காரனைக் கண்டா எந்திரிக்காத வக்கீலை நான் பாத்ததே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ எழுது, "கொஞ்சம் நேரம் இருக்கா?"ன்னு. பில்லு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஆறு ஆறு நிமிசமா எண்ணு. எண்ணி முடிச்சுட்டு, "முதல் வருசத்துப் பையன் போட்ட மணிக்கெல்லாம் நாங்க காசு தாரது இல்லை"ன்னு ஒரு வரி சேத்து அனுப்பு. அங்க நெறையக் கம்பெனி அப்படித்தான் எழுதுதாம்.