மயில்கழுத்தைக் காட்டும் போன்

போனில் யாராவது "அரக்கு" என்றால், "எந்த அரக்கு?" என்று திருப்பிக் கேட்காதவர் பட்டுத் தொழிலில் நிலைக்க முடியாது. குங்குமம் தூக்கலான அரக்கு உண்டு. பாக்கு நிறத்துக்குச் சாய்கிற அரக்கு உண்டு. வீட்டுக்குள் கறுப்பாகத் தெரிந்து, வாசலுக்கு எடுத்து வந்ததும் சிவக்கிற அரக்கும் உண்டு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவன் நான். இந்த வித்தியாசங்களெல்லாம் எனக்குக் கண் வழியாக வந்தவை. ஆனால் பல வருஷம் தொழிலை நடத்தியது காதை வைத்துத்தான். பட்டன் போனில் நிறம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். தி.நகர் கடைக்காரர் நிறத்தைச் சொல்வார். நான் அதைச் சாயப்பட்டறைக்குச் சொல்வேன். சாயம் போடுகிற பெரியவர், "போன தீபாவளிக்குப் போட்டமே, அதைவிடக் கொஞ்சம் வெளுப்பாவா?" என்று கேட்பார். "ஆமாண்ணே, அதேதான்" என்பேன். மூன்று பேர் மனசிலும் ஒரே சிவப்பு ஓடும். நூல் வந்து இறங்கும்போது பெரும்பாலும் அந்தச் சிவப்பாகவே இருக்கும்.

அதற்கும் முன்னால் தெருமுனை எஸ்டிடி பூத்துதான் எங்களுக்குப் போன். கடையிலிருந்து அழைப்பு வந்தால் பூத் பையன் ஓடி வந்து கூப்பிடுவான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாம் ஓடுவதற்குள் லைன் போயிருக்கும். 1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு தில்லியில் இருந்த சுக்ராமிடம் பேசி, நாட்டின் முதல் செல்போன் அழைப்பைத் தொடங்கி வைத்தார். ஆனால் பேசுகிறவரும் காசு கொடுக்க வேண்டும், கேட்கிறவரும் கொடுக்க வேண்டும் என்றிருந்த வரைக்கும் தறிக்காரர் தெருப்பக்கம் செல்போன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2003-ல் இன்கமிங் இலவசமானது. அதன் பிறகுதான் எங்கள் தெருவில் சட்டைப்பைகள் கனக்க ஆரம்பித்தன.

அதே 2003-ல் நோக்கியா 1100 வந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. வழுக்காத பக்கங்கள், தூசி புகாதபடி ஒரே ரப்பராக மூடிய பட்டன்கள், தலையில் ஒரு டார்ச். எங்களைப் போன்றவர்களை நினைத்துத்தான் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது கையில் வாங்கியதுமே தெரிந்தது. குழித்தறியில் வேலை செய்கிறவனுக்கு டார்ச் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தக் குழிக்குள் கால் வைத்தவனுக்குத்தான் தெரியும். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலில், ஆயிரக்கணக்கான இழை ஓடுகிறது. ஒவ்வொன்றும் முடிபோல மெல்லியது. ஓர் இழை அறுந்து தொங்கினால் அதை விட்டுவிட்டு நெய்ய முடியாது. புடவை நெடுக ஒரு கோடு விழுந்துவிடும். குனிந்து, இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதுக்குப் பின்னால் கைவிட்டு, அறுந்த முனையைத் தேட வேண்டும். இரண்டு கையும் நூலுக்கு வேண்டும் என்பதால் போனைப் பல்லில் கடித்துக்கொண்டு வெளிச்சம் காட்டுவோம். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் எத்தனையோ முகூர்த்தப் புடவைகள் அந்தச் சின்ன டார்ச் வெளிச்சத்தில் இழை கூட்டப்பட்டவை.

மிஸ்டு காலுக்கும் எங்களிடம் கணக்கு இருந்தது. சாயப்பட்டறையிலிருந்து ஒரு ரிங் வந்து நின்றால் நூல் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு ரிங் என்றால் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போ. செய்தி அனுப்புவது எல்லாம் அபூர்வம். ஒரு எஸ்எம்எஸ்-ஸில் ஆங்கில எழுத்தானால் 160 அடங்கும், தமிழானால் 70-தான். அதிலும் ஒரு புள்ளியும் ஒரு கொம்பும் தனித்தனியே இடம் பிடிக்கும். ஆகவே எங்கள் போனில் சாயக்காரரிலிருந்து சம்பந்தி வரை எல்லார் பெயரும் ஆங்கில எழுத்தில்தான் இருந்தது.

போனும் தறியும் எங்கள் பக்கத்தில் சேர்ந்தே நடந்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும். கொர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். இரண்டையும் பல் பல்லாகக் கோத்து நெய்ய, குறுக்கே ஓடும் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று வேண்டும், இரண்டு ஆள் வேண்டும். கரைப்பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளுவது வீட்டில் இருக்கிற இளைய பிள்ளைகளின் வேலையாக இருந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கியதும் விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் எங்கள் ஊர்ப்பக்கம் வர ஆரம்பித்தன. பிளஸ் டூ முடித்த பெண்கள் தலை பின்னி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த பஸ்ஸில் ஏறினார்கள். உச்ச காலத்தில் சுமார் 8,000 பேருக்கு அங்கே நேரடி வேலை. தறியில் உட்கார்ந்திருந்தால் அந்த ஆலைச் சம்பளமோ, மாதம் பிறந்தால் கைக்கு வரும் என்ற நிச்சயமோ அவர்களுக்குக் கிடைத்திருக்காது. அதனால் அவர்கள் போனதை நான் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. இழை பார்த்துப் பழகிய கண்களும் விரல்களும் போன் பூட்டப் போயின. அந்தப் போன்கள் திரும்பி எங்கள் தறிமேட்டுக்கே வந்தன. 2014 நவம்பர் 1-ஆம் தேதியோடு அங்கே உற்பத்தி நின்றது. இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டுகிறார்கள். பஸ்கள் இப்போதும் வருகின்றன. கரைப்பக்கம் உட்கார ஆள் தேடுகிற வேலை மட்டும் வருஷத்துக்கு வருஷம் கடினமாகிக்கொண்டே போகிறது.

என்னைப் பட்டன் போனிலிருந்து நகர்த்தியது ஒரு வாக்கியம்: "வாட்ஸ்அப்ல போட்டோ போட்டிருக்கேன், பாத்துட்டு சொல்லுங்க." 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு எல்லாக் கடைக்காரர்களும் இதையே சொல்ல ஆரம்பித்தார்கள். நிறத்தை வாயால் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. படம் இருக்கும்போது எதற்குச் சொல்ல வேண்டும்? மாப்பிள்ளை வேலை முடிந்து வரும்வரை நான் காத்திருந்து, அவர் போனில் பார்த்து, அதன் பிறகு பதில் சொல்வதற்குள் ஆர்டர் வேறு தறிக்குப் போயிருக்கும். மகள்தான், "அப்பா, உங்களுக்குன்னு ஒண்ணு வாங்கிடுங்க" என்றாள்.

விசாரித்தால் எல்லாரும் ரேம் எவ்வளவு, மெகாபிக்சல் எவ்வளவு, பேட்டரி எத்தனை எம்ஏஎச் என்றுதான் சொன்னார்கள். எனக்கு வேண்டியதை யாரும் சொல்லவில்லை. என் நூலின் நிறத்தை அது அப்படியே காட்டுமா? அதைத்தான் நான் கேட்க வேண்டியிருந்தது. ஆகவே கடைக்குப் போகும்போது ஒரு காகிதத்தில் மூன்று சாம்பிள் மடித்து எடுத்துக்கொண்டேன்: அரக்கு நூல், மாம்பழ மஞ்சள் நூல், ஒரு கை அகலத்துக்கு மயில்கழுத்துத் துண்டு.

கவுண்டரில் இருந்த பையன், "ணா, இதுல செல்ஃபி செம்மையா வரும்" என்று ஒரு போனை நீட்டினான். "தம்பி, இதை வாசலுக்கு எடுத்துட்டு வரலாமா?" என்று கேட்டேன். கடைக்குள் தலைக்கு மேல் முழுக்க வெள்ளை எல்இடி. அந்த வெளிச்சத்தில் எந்த நிறத்தையும் நம்ப முடியாது. டியூப்லைட்டில் ஒன்றுபோலத் தெரிகிற இரண்டு நூல் வெயிலில் அண்ணன் தம்பிகூட இல்லை என்று ஆகிவிடும்.

வாசல் வெளிச்சத்தில் அரக்கு நூலைப் படம் எடுத்து, நூலைத் திரைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். முதல் போன் அமோலெட் திரை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற வகை. அரக்கு அதில் கல்யாணப் பத்திரிகைச் சிவப்பாக எரிந்தது. பார்க்க அழகு, ஆனால் அந்த நிறத்தை என் சாயக்காரர் போட்டதே கிடையாது. இரண்டாவது எல்சிடி. அதில் சிவப்பு கொஞ்சம் சோர்ந்து தெரிந்தாலும் நூலுக்குப் பக்கத்தில் நின்றது. பையன் முதல் போனை வாங்கி டிஸ்பிளே செட்டிங்குக்குள் போய் 'விவிட்' என்றிருந்ததை 'நேச்சுரல்' என்று மாற்றிக் கொடுத்தான். அரக்கு அடங்கி வந்தது. இவ்வளவு விலை கொடுக்கிற பொருளில் இந்த ஒரு மாற்றத்தை எந்த விளம்பரமும் சொல்வதில்லை என்பது எனக்கு இன்றுவரை வருத்தம்.

மயில்கழுத்துதான் பெரிய பரீட்சை. பாவு நீலம், ஊடை பச்சை. துணியைச் சாய்க்கச் சாய்க்க ஒன்று மறைந்து இன்னொன்று எழும். நின்ற படத்தில் அது நீலமாகவோ பச்சையாகவோ, இரண்டும் இல்லாத ஒரு மங்கலாகவோதான் விழும். "ஆட்டிக் காட்டுங்கணா, வீடியோ எடுக்கறேன்" என்று பையனே சொன்னான். பிறகு துணியை என்னிடமிருந்து வாங்கி, மடிப்புக்கு அடியில் கட்டை விரலைக் கொடுத்து, மேல்பக்கம் கசங்காமல் பிடித்துச் சாய்த்தான். தறி வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே துணியை அப்படிப் பிடிப்பார்கள். நான் எதுவும் கேட்கவில்லை. வீடியோவில் இரண்டு நிறமும் மாறி மாறித் தெரிந்தது எல்சிடி போனில்தான். விலையும் பத்தாயிரத்துக்குள். அதையே வாங்கினேன். சிம்மை வெட்டுவது, பெயர்களை ஏற்றுவது எல்லாவற்றையும் மகள் பார்த்துக்கொண்டாள். பெயர்களைத் தமிழிலேயே ஏற்றச் சொன்னேன்.

போன் வந்த பிறகு பழகியது நிறைய. புடவையைச் சட்டம் நிறைய எடுத்தால் கேமரா அந்த ஒரே நிறத்தைப் பார்த்துக் குழம்பி, தானாக அதைத் தணிக்கப் பார்க்கும். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் நிதானத்துக்கு வரும். ஜரிகை பளிச்சென்று அடித்தால் மற்ற இடத்தை இருட்டாக்கிவிடும். ஆகவே முந்தானையைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் எடுக்க வேண்டும். இரவில் கண்ணுக்கு இதமாக இருக்க மஞ்சள் ஏற்றுகிற வசதியை அணைக்காமல் நிறம் பார்க்கவே கூடாது. இதையெல்லாம் எங்கள் தெருவில் புதிதாகப் போன் வாங்குகிற எல்லாருக்கும் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன். தறிக்காரனுக்கு இது பாவு ஏற்றத் தெரிவதற்குச் சமமான பாடம்.

சாயப்பட்டறையில் இப்போது பெரியவரின் மகன். அவன் தொட்டிக்கு மேல் போனை நீட்டிப் பிடித்துப் படத்தோடு நூலை ஒப்பிடுகிறான். ஆவி பட்டுத் திரை மங்க, துடைத்துத் துடைத்துப் பார்க்கிறான். ஈர நூல் எப்போதும் ஒரு படி கறுத்துத்தான் தெரியும். அவன் அப்பா நாலு இழையைப் பிழிந்து, காயவைத்து, உள்ளங்கையில் சுருட்டி வெயிலில் பார்த்த பிறகுதான் தலையாட்டுவார். இந்தப் பழக்கத்தை விடாதே என்று அவனிடம் போகும்போதெல்லாம் சொல்கிறேன். அவனும் கேட்டுக்கொள்கிறான், நல்ல பையன்.

எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். எங்கள் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06-லேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் அசல் கைத்தறிப் புடவையின் படத்தைப் போட்டுவிட்டு பாலியெஸ்டரை அனுப்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். எந்தக் கேமராவும் பட்டையும் பாலியெஸ்டரையும் பிரித்துக் காட்டாது. ஓர் இழையைக் கொளுத்தினால் முடி கருகிய வாசனை வர வேண்டும். அது படத்தில் வருமா? ஆகவே என்னிடம் நேராகக் கேட்டு வருகிறவர்களுக்கு வீடியோ காலில் புடவையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டுகிறேன். கொர்வை கோத்த இடத்தைப் பக்கத்தில் காட்டுகிறேன். தறியில் உட்கார்ந்திருப்பவர்களையும், அவர்கள் சம்மதித்தால், காட்டுகிறேன். நெய்தவர் முகத்தைப் பார்த்து "நல்லா இருக்குங்கம்மா" என்று வாங்குகிறவர் சொல்வதும், அதைக் கேட்டு நெய்தவர் நிமிர்ந்து உட்காருவதும் பட்டன் போன் காலத்தில் நடந்ததே இல்லை. இந்த ஒன்றுக்காகவே அந்தப் போனுக்குக் கொடுத்த காசு தகும்.

நிறம் முடிவு செய்யும் பேச்சைக் காலை பத்து மணிக்குமேல், வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரத்தில்தான் வைத்துக்கொள்கிறேன். அங்கே வெயில் நேராக விழாது, வெளிச்சம் ஒரே சீராக இருக்கும். படம் பார்த்து, வீடியோ பார்த்து, எல்லாம் பிடித்துவிட்டது என்று அவர்கள் சொன்ன பிறகும் சாயம் போட்ட நூலில் ஒரு விரற்கடை வெட்டி, காகிதத்தில் ஒட்டி, கூரியரில் அனுப்புகிறேன். "படத்துலதான் பாத்துட்டோமே" என்பார்கள் சிலர். பரவாயில்லை, கையில் வைத்துப் பாருங்கள் என்பேன். அந்த நூல் போய்ச் சேர்ந்து, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் பாவு ஏற்றுகிறோம்.