தோல்வியை ஒப்புக்கொள்ளத் தக்க வேளை: ஆறிய தேநீர்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

சதுரங்கத்தில் தோற்றுக்கொண்டிருப்பவன் எப்போது எழுந்துபோக வேண்டும் என்று விதிநூல் சொல்லவில்லை. ஒருவர் தோல்வியை ஒப்புக்கொண்டால் அக்கணமே ஆட்டம் முடிந்தது என்பதோடு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே நிறுத்திக்கொண்டது. இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்த்துவிட்டு ஓர் ஆய்வாளன் சும்மா இருக்கலாகாது. கருதுகோள் வருமாறு: தோற்பவனுக்குத் தான் தோற்பது தெரியும். இதை நிறுவ என்னிடம் முப்பது ஆண்டுத் தரவு இருக்கிறது. எல்லாம் சொந்தத் தோல்விகள்.

முதலில் வகைப்பாடு. வகைப்படுத்தாத கட்டுரையை யாரும் படிக்காமலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வகைப்படுத்தியதைப் படிக்காமலேயே வெளியிடுகிறார்கள்.

அ. முந்திக்கொள்வோர். 1902இல் மான்டி கார்லோவில் போப்பியெலுக்கு எதிரே ஆடிய கியோர்க் மார்க்கோ, கட்டுண்டு கிடந்த தன் மந்திரி இனிப் பிழைக்காது என்று கைகொடுத்துவிட்டார். அதே மந்திரியைத்தான் நகர்த்தியிருந்தால் ஜெயித்திருப்பார். 1997இல் டீப் புளூ கணினியோடு ஆடிய இரண்டாம் ஆட்டத்தைக் காஸ்பரோவ் விட்டுக்கொடுத்தார். தொடர்ந்து செக் வைத்துச் சமன் செய்திருக்கலாமே என்று மறுநாள் சொன்னார்கள். மறுநாள் சொல்வதற்கு எப்போதும் ஆள் இருக்கிறது. அந்தத் துறைக்குத் திறனாய்வு என்று பெயர்.

ஆ. ஒரே நகர்த்தலில் விடுவோர். கார்ல்சன், நீமனுக்கு எதிராக, 2022.

இ. நேரில் சொல்லாதோர். 1927இல் புவனோஸ் அயர்ஸில் உலகப் பட்டமே போன 34ஆம் ஆட்டத்தை ஒத்திவைத்த பிறகு, காபாபிளாங்கா திரும்ப வந்து உட்காரவில்லை. அலெகினுக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டார். 1895 ஹேஸ்டிங்ஸில் ஸ்டைனிட்ஸ் நெருக்கியபோது வான் பார்டெலெபன் கடிதமும் எழுதவில்லை. எழுந்து வெளியே போனார், கடிகாரம் ஓடி முடிந்தது.

ஈ. நான். 2024இல் சிங்கப்பூரில், உலகப் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்தில், டிங் லிரன் 55ஆம் நகர்த்தலில் யானையைத் தப்பான இடத்தில் வைத்தார். 58இல் குகேஷுக்குக் கைகொடுத்தார். தவறுக்கும் ஒப்புதலுக்கும் இடையே மூன்று நகர்த்தல். அந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேண்டியிருக்கிறது. எதிரே அக்கா மகள், வயது பதினொன்று. அவளை வகுப்பில் சேர்த்துவிட்டதும் நான்தான்.

இங்கேதான் தேநீர் வருகிறது. ஜெயிப்பவனுக்கு டீ மறந்துபோகும். தோற்பவன் குடிக்கிறான். யோசிப்பதுபோல் ஒரு வாய், எதையோ கண்டுபிடித்ததுபோல் ஒரு வாய், கண்டுபிடித்தது சரியில்லை என்று தெரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறான். அதன்பின் டீ ஆறுகிறது. இந்தக் கட்டத்தைப் பற்றிய மூலபாடம் ஒன்றே கிடைத்திருக்கிறது: “ஏடு படிஞ்சிடுச்சு, எழுந்திருடா” (அக்கா, அடுக்களை வாய்மொழி).

மூன்றே சொல். உரையோ பெருகிவிட்டது. ‘ஏடு’ என்பது நகர்த்தல்களைக் குறித்துவைக்கும் தாள் என்பது ஒரு சாரார் கொள்கை (அக்கா, மேற்படி, குக்கர் மூன்றாம் விசிலுக்கு முன்). அன்று, அது ஓலைச்சுவடியே. ஆகவே தமிழர் தோல்வியை ஓலையில் எழுதி ஒப்புக்கொண்டனர். ஆகவே காபாபிளாங்காவின் கடிதம் நம்மிடமிருந்து சென்றது என்பது இன்னொரு சாரார் (மேற்படி, நான்காம் விசிலுக்குப் பின், ஆவியின் ஓசையில் இரண்டு சொற்கள் சிதைந்துள்ளன). டீயின் மேல் படியும் பாலேடுதான் என்றும் ஒரு கருத்து உண்டு. எளிதில் விளங்கிவிடுவதால் அது ஆய்வுலகில் எடுபடவில்லை.

‘டா’ பிற்கால இடைச்செருகல் என்பார் உளர். அவர்களுக்கு அக்கா இல்லை.

‘படிஞ்சிடுச்சு’ இறந்தகாலம். எனவே ஏடு படியும் முன் எழுவது விதிக்கு முரண், படிந்தபின் இருப்பதும் முரண் என்று நான் முடிவுக்கு வந்தபோது, “மாமா, உங்க மூவ்” என்று ஒரு குறுக்கீடு நேர்ந்தது (அக்கா மகள், நேர்காணல், பதினோராவது முறை, பென்சிலால் மேசையைத் தட்டியவாறு, தட்டல் பதிவுசெய்யப்படவில்லை). வகுப்பில் ஒருபோதும் ரிசைன் பண்ணக்கூடாது என்று சொல்லித்தந்திருப்பதாகவும், எதிராளி தப்பு செய்து ஸ்டேல்மேட் ஆக வாய்ப்பிருப்பதாகவும் அவள் தெரிவித்தாள். “ஆனா நான் தப்பு பண்ண மாட்டேன் மாமா.” இக்கூற்று தனி ஆய்வுக்குரியது.

அவளுக்கு ராணியும் இரண்டு யானையும். எனக்கு ஒரு சிப்பாய். இந்நிலையில் ஆடிக்கொண்டிருப்பது அறிவுடைமையா என்று கேட்பவர்கள், கருதுகோள் மாண்டு பதினைந்து ஆண்டாகியும் அதே கருதுகோளோடு கருத்தரங்கு மேடையில் அமர்ந்திருப்பவர்களையும் கேட்க வேண்டும். அங்கே யாரும் கைகொடுத்து எழுந்து நான் கண்டதில்லை. பொன்னாடை போர்த்தி உட்காரவைத்துவிடுகிறார்கள்.

ஏடு படிந்துவிட்டது. விரலால் ஒதுக்கிப் பார்த்தேன், மறுபடி படிகிறது. இன்னொரு டீ போடச் சொல்லியிருக்கிறேன். புதிய டம்ளருக்குப் பழைய விதி பொருந்தாது.