பெட்டியடிப் பையனும் இருபது முகப் பகடையும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை வளர்க்கும் ஆட்டத்தில் ஒருவர் மலையைப் பெயர்க்கும் மந்திரவாதி, இன்னொருவர் அவருக்குக் குடை பிடிப்பவர் என்றால், குடை பிடிப்பவர் எத்தனாவது நிமிடத்தில் கைப்பேசியை எடுப்பார்? ஆன்றோர் இதை ஆராயாமல் விட்டது வியப்பே.

1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மந்திரவாதி முதலில் நோஞ்சான். படிகள் ஏற ஏற வாள்வீரன் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். 1987இல் ஆர்ஸ் மாஜிக்கா என்ற ஆட்டம் இதற்கு மருந்து கண்டது: மந்திரவாதி, தோழர், ஏவலாள் மூவரும் சமமல்லர், ஆகவே ஆட்டக்காரர்கள் பாத்திரங்களை மாற்றி மாற்றி எடுக்கட்டும். மேல்நாட்டார் இதைப் புதுமை என்றார்கள். ஜார்ஜ் டவுன் பினாங்கு ஸ்ட்ரீட் பக்கம் அவர்கள் வந்ததில்லை போலும்.

அங்கே செட்டியார்களின் வட்டிக்கடைக் கிட்டங்கிகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசை நூறாண்டுக்கு முன்பே இருந்தது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவர் கொடுத்த பவர் பத்திரம் மேலாள் கையில். ஒரு கையெழுத்தில் கித்தாத் தோட்டமே அடமானமாகும். அடுத்தாள் பேரேடு எழுதுவார், வசூலுக்கு நடப்பார். பையன் எடுபிடி. ஆனால் மூன்றாண்டுக் கணக்கு முடிந்தால் மேலாள் ஊருக்குக் கப்பலேற வேண்டும். பையனோ அடுத்தாளாகி, ஒருநாள் மேலாளும் ஆவான். பாத்திர மாற்றம் என்பது இதுவே என்க.

அற்றேல், மாற்றம் வரும்வரை பையன் என் செய்வான் எனின், கூறுதும். கதையை 1867 ஆகஸ்டில் வையுங்கள். சீனச் சங்கங்களான கீ ஹின்னும் துவா பே கொங்கும், அவற்றின் கூட்டாளிகளான வெள்ளைக்கொடியும் சிவப்புக்கொடியும் மோதிப் பத்து நாள் ஊரே அல்லோலகல்லோலப்பட்ட கலகம். மேலாளின் கையெழுத்தை எந்தக் கலகக்காரன் நின்று வாசிக்கப் போகிறான்? பின்சந்தில் எந்தக் கதவு தாழ்ப்பாள் போடாதது, எந்தக் கடை சமையல்காரர் யார் பக்கம் என்பதெல்லாம் பையனுக்குத்தான் தெரியும். அடுத்தாளுக்கு, கலகக்காரரில் யார் யார் கடன்காரர் என்று தெரியும். இது வாளைவிடக் கூர்மையான ஆயுதம். பொன்னியின் செல்வனிலும் அரசகுமாரர்களுக்குக் குறைவில்லை. ஆனால் படகோட்டிப் பெண் பூங்குழலி படகைத் தள்ளாவிட்டால் வந்தியத்தேவன் கோடிக்கரையிலேயே நின்றிருப்பான்.

ஆக, குற்றம் பலத்தில் இல்லை. எந்நேரமும் அடிதடியையே கொண்டுவந்து நிறுத்தும் கதை நடத்துநரிடம் இருக்கிறது. அடிதடி மட்டும் நடக்கும் மேசையில் பலசாலி ஒருவரே ஆடுவார், மற்றவர்கள் தே தாரேக் குடிப்பார்கள்.

நடத்துநர்களுக்கு ஒரே விண்ணப்பம்: மேலாள் வேடம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு, முதல் ஆட்டத்தில் பெட்டியடிப் பையனைக் கொடுங்கள்.