ஃபோர்க் வழிச் சொத்துரிமையும் அதில் எழும் வழக்குகளும்

இந்து வாரிசுரிமையில் இரு மரபுகள். மகனுக்குப் பிறந்த கணமே பூர்வீகச் சொத்தில் பங்குண்டு என்பது விஞ்ஞானேசுவரரின் மிதாட்சரம். தகப்பன் கண்மூடும்வரை பொறு என்பது ஜீமூதவாகனரின் தாயபாகம். யூனிக்ஸ் இவற்றுள் எதன் வழிப்பட்டது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

மிதாட்சரமே என்க. ஃபோர்க் செய்ததும் பிறக்கும் பிராசஸுக்கு, தகப்பன் திறந்து வைத்த கோப்புகளெல்லாம் அப்போதே சொந்தம். அவன் பெறுவது நகல்தானே எனின், அன்று. டிஸ்கிரிப்டர் எண்கள் அடங்கிய அட்டவணை மட்டுமே நகல். அந்த எண் சுட்டும் திறந்த கோப்பும், எதுவரை படித்தாயிற்று என்ற குறியும் இருவருக்கும் பொது. தகப்பன் முதல் 100 பைட்டைப் படித்துவிட்டால் மகன் 101இலிருந்து தொடர்வான். வருவாய்த்துறை வட்டாரத்தில் இதற்குக் கூட்டுப்பட்டா என்று பெயர்.

வழக்குகள் இங்கேதான் தொடங்குகின்றன. பைப்பின் எழுதும் முனையைத் தகப்பன் முறைப்படி மூடிவிட்டான். மறுமுனையில் படிப்பவனோ கோப்பு முடிவுக்காகக் காத்துக் கிடக்கிறான். எழுதும் முனையின் கடைசிப் பங்காளியும் மூடினால்தான் கெர்னல் முடிவை அறிவிக்கும். இடையே வேறெதற்கோ கிளப்பிவிட்ட ஒரு ஸ்லீப் கட்டளையின் கையில் ஒரு பங்கு இருக்கிறது. தன் பேரில் சொத்திருப்பதே அதற்குத் தெரியாது, நிம்மதியாகத் தூங்குகிறது. மூடும் வரியை எத்தனை முறை வாசித்தாலும் பிழை அகப்படாது, ஏனெனில் அந்த வரியில் பிழையே இல்லை. சர்வரை நிறுத்தியபின்னும் போர்ட்டை விடாத பிள்ளைகளும், அழித்த லாக் கோப்பைப் பிடித்துக்கொண்டு வட்டின் இடத்தைத் தராத பிள்ளைகளும் இதே குலத்தவர்.

தீர்வு காண விழைவோர் முதலில் வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். எல்எஸ்ஓஎஃப் கட்டளை அதைத் தரும். லினக்ஸில் ப்ராக் அடைவுக்குள் அந்தந்த பிராசஸின் எண்ணுக்குக் கீழும் பட்டியல் கிடைக்கும்.

மகன் எக்ஸெக் செய்து வேறு நிரலாகவே மாறினாலும் சொத்து கூடவே போகும். இதைக் குறை என்பார் ஷெல்லை அறியாதார். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்புகிற ஒவ்வொருவரும் உண்பது இந்தப் பரம்பரைச் சோற்றையே. வேண்டாத சொத்துக்கு குளோஸ்-ஆன்-எக்ஸெக் என்ற விடுதலைப் பத்திரம் உண்டு. ஆனால் கோப்பைத் திறந்து, அடுத்த அடியில் பத்திரம் எழுதுவதற்குள் இன்னொரு த்ரெட் பிள்ளை பெற்றுவிடலாம். ஆகவே 2007இல், லினக்ஸ் 2.6.23இல், திறக்கும்போதே பத்திரம் எழுத வழி செய்தார்கள். 2014இல் வந்த பைத்தான் 3.4, தான் திறக்கும் கோப்புகளுக்குக் கேட்காமலே பத்திரம் எழுதிவிடுகிறது. சொத்து வேண்டுமென்றால் தகப்பன் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். மிதாட்சரவாதிகளுக்கு இது பேரிடி. இக்கட்டுரையாளர் பைத்தான் பக்கம்.

ஒரு புறனடை: இப்பத்திரம் எக்ஸெக் அன்றுதான் செல்லும். ஃபோர்க்கோடு நின்றுவிட்ட பிள்ளையிடம் அது பலிக்காது. அங்கே வேண்டாத கோப்புகளைக் கையால்தான் மூடவேண்டும்.