பெயர் சொல்லாப் பெரியவர்

"நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை" என்று தொடங்குவாரே, அவரேதான். எந்தக் கம்பத்தில் விளக்கு அவிந்தது, எந்த வீட்டு நாய் யாருடைய கெண்டைக்காலைக் கவ்வியது, எந்தக் கழிவுத்தொட்டிக்கு மூடி இல்லை என்பனவெல்லாம் அவருக்கு விரல்நுனியில். ஆயினும் அவற்றில் ஒன்றையேனும் ஒரு பெயரோடோ கதவிலக்கத்தோடோ சேர்த்து அவர் திருவாயால் கேட்ட பாக்கியவான் எங்கள் தெருவில் இன்னும் பிறக்கவில்லை.

"ஒரு கிருகஸ்தர், ஆணா பெண்ணா என்பது நமக்கு அவசியமில்லை, தம்முடையதாகக் கருதப்படுகிற ஒரு பள்ளத்தை, பள்ளமென்று நான் சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொல்கிறார்கள்..." என்று அவர் உபந்நியாசம் செய்கையில், கண்கள் மாத்திரம் அந்தப் பச்சைக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். சைகையாலும் அவதூறு நேரலாம் என்பது சட்டத்திலேயே இருக்கிறதென்று நான் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் முதல் கறுப்புக் கண்ணாடி!

கோர்ட்டில் குமாஸ்தாவாயிருந்து பென்ஷன் பெறுகிறவர். 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவை ஸஹஸ்ரநாமம் போல நித்திய பாராயணம் செய்துவந்த அவருக்கு, 2024 ஜூலையில் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாக மாறியபோது, துக்கம் விசாரிக்கவே போகவேண்டியிருந்தது. இரண்டு வருஷம் வரை வெறுங்காவல் என்பதை மறவாத மனிதர், அதிகாரமுள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் பிராது அவதூறாகாது என்ற விதிவிலக்கை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுவார். புதுச் சட்டத்தில் சமூக சேவையும் ஒரு தண்டனையாம். அதையாவது இவருக்கு விதித்தால் தொட்டிக்கு மூடி வந்துவிடும்.

நகராட்சிக்கு நான் எழுதிய மகஜரில் 'மூடி இல்லை' என்றிருந்ததை 'மூடி புலப்படவில்லை' என்று திருத்திக் கொடுத்தார், கையெழுத்துப் போடவில்லை. அவ்வழியேதான் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகின்றன. தெருவில் எல்லோரையும் விட விஷயம் தெரிந்தவர் ஒருவர் வாயைத் திறந்து ஒரு பெயரைச் சொன்னால் நாலு நாளில் முடிகிற காரியம், எட்டு மாதமாக நிற்கிறது. எனக்கு அலுத்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்தத் தொட்டியில் யாரோ வாரந்தோறும் ஒரு முருங்கைக் கிளையை ஒடித்து நட்டு வைத்தார்கள். தெருவில் முருங்கை மரம் உள்ளது ஒரே வீட்டில். கேட்டால், "மரத்தைப் பற்றி நான் அபிப்பிராயம் சொல்வதற்கில்லை" என்பார்.

சென்ற வாரக் காற்றில் கிளை சாய்ந்துவிட்டது. இருட்டில் நான் போய் விழுந்தேன். மறுநாள் அரை டஜன் சாத்துக்குடியோடு வந்தவர், மாவுக்கட்டுப் போட்ட என் காலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தெருவிலே யாரோ ஒருவர், எங்கேயோ, எதிலோ விழுந்துவிட்டதாகக் கேள்வி. உங்களைச் சொல்லவில்லை, சார்."