மலையடிவாரத் தலைவருக்கு: பன்றியை வைத்துக் காலம் தள்ளுவது எப்படி?

தலைவரே, உங்கள் ஒன்றியம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறதா? கொடுத்து வைத்தவர் நீங்கள். சாலை கேட்டால் என்றைக்காவது போட்டுத் தொலைத்துவிடுவார்கள். தண்ணீர்த் தொட்டி கேட்டால் கட்டிவிடுவார்கள். அப்புறம் பேச என்ன மிச்சம்? யானையும் காட்டுப்பன்றியும் அப்படிக் காலை வாராது. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிகள் காலாவதியாகி, தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்களே, அப்போது ‘முன்னாள்’ ஆகிப்போன எத்தனையோ பேரைச் செய்தித்தாளில் வைத்திருந்தது பன்றிதான். ஆகவே அந்த ஜீவனை மரியாதையோடு கையாளக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் களப்பார்வை. யானை புகுந்த தோட்டத்துக்கு விடிந்ததும் ஓடாதீர்கள். நிருபர் வர ஒன்பது மணியாகும். வாழைத்தோட்டம் என்றால் படத்துக்கு மெத்த நல்லது. தண்டைப் பிளந்து உள்சோற்றைத் தின்றுவிட்டு, தாரை மிதித்துப் போட்டிருக்கும். முட்டுக்கம்போடு சாய்ந்த மரம் ஒன்றைப் பார்த்து அதனருகே குத்தவைத்து உட்காருங்கள். பன்றி மேய்ந்த மக்காச்சோளக் காடு அவ்வளவு எடுப்பாக இருக்காது. தட்டு படுத்துக் கிடக்கும், கதிரில் பாதி கடித்து எறிந்திருக்கும், அவ்வளவுதான். “முச்சூடும் போச்சுங்ணா, கடன் வாங்கி வெதச்சது” என்பார் தோட்டக்காரர். தோளில் கைவையுங்கள். வேலியோரம் அவர் வீட்டுப் பழைய சேலைகளை வரிசையாகக் கட்டியிருப்பார். மனுச வாசத்துக்குப் பன்றி வராது என்பது நம்பிக்கை. முதல் வாரம் வராது, இரண்டாம் வாரம் சேலைக்கடியில் புகுந்து வரும். அது கிடக்கட்டும். மாற்றுக்கட்சிக் கொடியின் நிறத்தில் ஏதாவது சேலை இருந்தால் அது உங்களுக்குப் பின்னால் விழாமல் நில்லுங்கள்.

அடுத்து, விவசாயிகள் குறைதீர்க்கும் நாள். மாதாமாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும். வெறுங்கையோடு போகாதீர்கள். கடிபட்ட கதிரோ, மிதிபட்ட வாழைத்தாரோ, பச்சைத் துண்டு போட்ட பத்துப் பேரோ கூட வர வேண்டும். வாசலில் போலீஸ் தடுக்கும். தடுக்கட்டும் என்றுதான் போகிறீர்கள். மனு கொடுத்ததும் ரசீது வாங்க வேண்டாம். ரசீது இருந்தால், என்ன ஆச்சு என்று யாராவது பின்னால் கேட்பார்கள்.

கோரிக்கை எப்போதும் ஒன்றுதான்: “சுட அனுமதி வேண்டும்!” கைதட்டல் நிச்சயம். இதில் ஒரு சங்கடம் உண்டு. 2025 ஜனவரியிலேயே தமிழக அரசு பன்றிக்கென்று ஒரு முறையை அறிவித்துவிட்டது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டர் தாண்டினால் வனத்துறையினரே சுடலாம். அதிகம் அடிபடுவது காட்டை ஒட்டிய அந்த முதல் கிலோமீட்டர் தோட்டம்தான். அந்தத் தோட்டக்காரருக்கு இந்த உத்தரவால் பத்துப் பைசா பிரயோசனம் இல்லை. அவருக்கு வேறென்ன வழி என்று மட்டும் மேடையில் ஆரம்பித்துவிடாதீர்கள். சோலார் வேலி, பராமரிப்பு, இழப்பீடு என்று பேச்சு நீண்டு கூட்டம் டீ குடிக்கப் போய்விடும்.

கேரளத்தைப் பற்றியும் வாயைத் திறக்காதீர்கள். 2022-ல் அங்கே பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அதே மாதிரி இங்கும் வந்தால் மனு உங்களிடம் வரும். இரவு இரண்டு மணிக்கு போனும் உங்களுக்கே வரும். குறி தப்பினால் கேஸும் வரும். அதிகாரம் கேட்பது வேறு, வாங்கிக்கொள்வது வேறு.

யானை விஷயத்தில் கோரிக்கையைச் சற்று மாற்றிப் போடுங்கள்: “பிடித்து வேறு காட்டில் விடு!” வேறு காடு என்றால் வேறு தொகுதி. 2019 ஜனவரியில் கோவை தடாகத்தில் சின்னத்தம்பி யானையைப் பிடித்து டாப்சிலிப் பக்கம் விட்டார்கள். சில நாளில் உடுமலைப்பேட்டைக் கரும்புக்காட்டில் வந்து நின்றது. 2023-ல் தர்மபுரியில் பிடித்த மக்னாவையும் (தந்தமில்லாத ஆண் யானை) அதே டாப்சிலிப்பில்தான் விட்டார்கள். அது நடந்தே கோவை நகர எல்லைக்கு வந்துவிட்டது. அரிக்கொம்பன் யானையின் கதை உலகறிந்தது: அதே ஆண்டு ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டால், மே மாதம் கம்பம் தெருவில் உலா. பிறகு களக்காடு முண்டந்துறை. ஒவ்வொரு தடவையும் லாரி கிளம்பும்போது மாலை போட்ட தலைவர் ஒருவர், லாரி போய்ச் சேர்ந்த ஊரில் மறியல் செய்த தலைவர் ஒருவர். இருவருக்குமே வேலை இருந்தது.

பழியை எங்கே போடுவது? கவலையே வேண்டாம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பன்றியைத் தீங்குயிரி என்று அறிவிக்க வேண்டியது மத்திய அரசு. வேலி போட வேண்டியது மாநில அரசு. உங்கள் கட்சி எங்கே ஆட்சியில் இல்லையோ, அங்கே விரலை நீட்டுங்கள். பிகாருக்கும் உத்தராகண்டுக்கும் 2015, 2016-ல் மத்திய அரசு அப்படி அறிவித்தது உண்மைதான். பன்றி அங்கே ஒழிந்ததா என்று யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை.

மயிலைப் பற்றி மட்டும் மூச்சு விடாதீர்கள். நிலக்கடலையும் தக்காளியும் மயிலால் போகிறது என்று விவசாயி அழுவார். ஆனால் அது தேசியப் பறவை, போதாததற்கு முருகன் வாகனம். தைப்பூசத்துக்குக் காவடி தூக்குபவர்களும் உங்கள் வாக்காளர்களே. பன்றிக்கும் ஒரு அவதாரப் பெருமை உண்டுதான், ஆனால் வாக்கு வங்கி கிடையாது.

இனி, கேட்கவே கூடாதவை. சோலார் வேலி அறிவித்த தேதியை எல்லோருக்கும் சொல்லுங்கள்; அது இன்றைக்கு வேலை செய்கிறதா என்று கேட்காதீர்கள். புல்லும் கொடியும் கம்பியில் உரசினால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். பேட்டரி செத்திருக்கும். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்று கண்டுகொண்ட கொம்பன் கம்பியைத் தந்தத்தாலேயே அறுத்துவிடும். மாதாமாதம் களை வெட்ட இரண்டு ஆள் கூலி யார் தருவது என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்குத் திறப்பு விழா கிடையாது, கல்வெட்டு கிடையாது. வேலி செத்துப்போன ஊரில்தான் வீட்டு மின்சாரத்தைத் திருட்டுத்தனமாகக் கம்பியில் இழுக்கிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. விவசாயி சிறைக்குப் போவார். நீங்கள் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேட்டி கொடுக்கலாம்.

இழப்பீடு அதைவிட ஆபத்தான பேச்சு. ரேஞ்சருக்கு மனு, சேதத்தின் போட்டோ, விஏஓ சான்று, சிட்டா, அடங்கல், தோட்டக்கலை அலுவலர் மதிப்பீடு என்று காகிதம் மேசை மேசையாக ஏறி இறங்கும். அதற்குள் அடுத்த போகம் வந்துவிடும், பன்றியும் வந்துவிடும். குத்தகைக்காரர் நிலைமை இன்னும் மோசம். சிட்டாவில் பெயர் நிலச்சொந்தக்காரருடையது, நட்டம் இவருடையது. வாய்மொழிக் குத்தகைக்கு என்ன ஆதாரம் காட்டுவார்? இதைச் சரிசெய்யச் சட்டம் திருத்த வேண்டாம், துப்பாக்கி வேண்டாம், கும்கி வேண்டாம். ஒரு தலைவர் ஆறு மாதம் விடாமல் அலுவலகப் படியேறினால் போதும். அதனால்தான் சொல்கிறேன், பக்கம் போகாதீர்கள்.

தலைவருக்குச் சொன்னது இவ்வளவே. அவர் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து இதைப் படித்துவிட்ட விவசாயிக்கு ஒரு வார்த்தை. உங்கள் வனச்சரகத்தில் போன வருடம் எத்தனை பயிர்ச்சேத மனுக்கள் வந்தன, எத்தனைக்குப் பணம் போனது, எத்தனை நாளில் போனது என்று எழுதிக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் அதற்குக் கட்டணம் 10 ரூபாய்.