பாக்கெட்டில் பென் டிரைவ்

எனக்குத் தெரிந்த ஒருவர் லேப்டாப்பில் போன தடவை பார்த்தபோது ஃபெடோரா லினக்ஸ். அதற்கு முன்னால் மஞ்சாரோ. இப்போது என்னவென்று நீங்கள் கேட்கவே வேண்டாம், காபி வருவதற்குள் அவரே சொல்லிவிடுவார். "சார், நான் இப்ப ஃப்ரீபிஎஸ்டி." கட்சி மாறுகிறவர்களாவது தேர்தல் முடிகிறவரை பொறுப்பார்கள். இவருக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போதும்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு 64 ஜிபி பென் டிரைவ் இருக்கும். அதில் வென்டாய் போட்டு, கண்ணில் பட்ட ஐஎஸ்ஓ ஃபைலையெல்லாம் அடைத்து வைத்திருப்பார். செருகி ஆன் செய்தால் திரை கொள்ளாத லினக்ஸ் டிஸ்ட்ரோ பட்டியல்: டெபியன், உபுண்டு, மின்ட், ஆர்ச், வாய்ட், ஆல்பைன், நிக்ஸ்ஓஎஸ். எதைப் போடுவது என்று அவர் மேலும் கீழும் போய்வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பெரிய ஜவுளிக்கடையில் ஆடிக் கழிவு அன்று நுழைந்தவர்கள் முகத்தில்கூட அவ்வளவு வெளிச்சம் இருக்காது.

அவருக்குப் பிடித்தது இன்ஸ்டால் செய்வது மட்டும்தான். டிஸ்கைப் பிரிப்பார். ரூட்டுக்கு இவ்வளவு, ஹோமுக்கு இவ்வளவு. ஃபைல் சிஸ்டத்துக்கு இஎக்ஸ்டி4 போடலாமா, பிடிஆர்எஃப்எஸ் போடலாமா என்று நம்மிடமே அபிப்பிராயம் கேட்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். டைம் ஸோன் கொல்கத்தா. ரீபூட். வால்பேப்பர் மாற்றம். பிறகு டெர்மினலைத் திறந்து, அந்த ஓஎஸ்ஸின் சின்னத்தை எழுத்துகளாலேயே வரைந்து, பக்கத்தில் கெர்னல் எண்ணையும் ரேம் அளவையும் காட்டும் குட்டிப் புரோகிராமை ஓட்டுவார். ஸ்க்ரீன்ஷாட். வாட்ஸ்அப் குரூப். அத்தோடு அந்த ஓஎஸ்ஸுக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம் முடிந்தது. ரொம்ப காலமாக இந்த வேலையை நியோஃபெட்ச் செய்துகொண்டிருந்தது. 2024இல் அது மூடப்பட்டது. எழுதியவர், விவசாயம் பார்க்கப் போய்விட்டதாக ஒரு வரி மட்டும் எழுதி வைத்திருந்தார். புத்திசாலி. நம்மவர் விவசாயத்துக்கெல்லாம் போகவில்லை, ஃபாஸ்ட்ஃபெட்சுக்கு மாறிக்கொண்டார்.

எல்லாம் ஒழுங்காக ஓடினால்தான் ஆபத்து. வைஃபை பிடிக்கிறது, பிரிண்டர் அச்சடிக்கிறது, மூடியைச் சாத்தினால் தூங்குகிறது, திறந்தால் எழுந்துகொள்கிறது. மனிதர் வாடிப் போய்விடுவார். கொஞ்ச நாளில், "ரொம்ப வெயிட்டா இருக்கு சார் இது" என்று ஆரம்பிப்பார்.

ஃப்ரீபிஎஸ்டிக்குப் போனதும் அப்படித்தான்.

"பிளேஸ்டேஷன் 4 இருக்கே சார், அதோட ஓஎஸ்ஸே இதுலேர்ந்து வந்ததுதான். நெட்ஃபிளிக்ஸ்ல படம் பாக்கறீங்களே, அதை நமக்கு அனுப்பற சர்வரும் இதுதான்."

"வைஃபை?"

"அது மட்டும் இந்த லேப்டாப்ல..."

லேப்டாப்பிலிருந்து ஒரு கேபிள் மேஜை விளிம்பைத் தாண்டிக் கீழே போனது. அதன் நுனியில் அவருடைய ஃபோன் தொங்கிக்கொண்டிருந்தது. இன்டர்நெட் அந்த வழியாகத்தான் வருகிறதாம். அடுத்தது ஓபன்பிஎஸ்டி. "ப்ளூடூத்தே கிடையாது சார். 2014லயே தூக்கிட்டாங்க. அதான் செக்யூரிட்டி!" ஹெட்ஃபோனை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்.

லினக்ஸ் பூட் ஆகும்போது சர்வீஸ்களையெல்லாம் கிளப்பிவிடுகிற சிஸ்டம்டி பற்றி மட்டும் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள். டெபியன் அதை ஏற்றுக்கொண்டதும், பிடிக்காதவர்கள் 2014இல் டெவுவான் என்று தனிக்குடித்தனம் போனதும், அதில் யார் பக்கம் நியாயம் என்பதும் சொல்லி முடிவதற்குள் ஹோட்டலில் நாற்காலிகளைக் கவிழ்த்துவிடுவார்கள்.

விஷயம் தெரியாதவர் இல்லை. ஸ்லாக்வேர், டெபியன், நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி நான்கும் 1993 என்ற ஒரே வருடத்தில் பிறந்தவை, நான்கும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன என்பது எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். நான்கையும் போட்டு அழித்தவர் அவர்.

நல்ல மனிதர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து ஃபிளாட் டீச்சரின் லேப்டாப் நீலத் திரையோடு நின்றபோது ராத்திரி வந்து உட்கார்ந்தார். அதே பென் டிரைவிலிருந்து பூட் செய்து, மகளின் கல்யாண ஃபோட்டோக்கள் அத்தனையையும் வெளியே எடுத்துக் கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. செருப்பை மாட்டும்போது மட்டும், "இனிமே விண்டோஸ் வேணாம் டீச்சர்" என்றார்.

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்புகள் ஊர் முழுக்க அவருக்காகவே காத்திருந்தன. எங்கள் வீட்டிலும் ஒன்று. மின்ட் போட்டுக் கொடுத்தார். தமிழ்99 விசைப்பலகை வேலை செய்தது, என் மனைவி பள்ளிக்கூடக் கேள்வித்தாளையெல்லாம் அதில்தான் அடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று ஆர்ச்சுக்கு மாற்றிவிட்டுப் போனார். திங்கட்கிழமை கேள்வித்தாள் கொடுக்க வேண்டும். விசைப்பலகையைக் காணோம். அவருக்கு இப்போது எங்கள் வீட்டில் காபி கிடையாது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு புரோகிராமில் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறியது. "இது இந்த டிஸ்ட்ரோவோட பிரச்சினை சார்" என்று வேறொன்றைப் போட்டார். அதிலும் சிதறியது. சிதறத்தானே செய்யும்? தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டுகிற ஹார்ஃப்பஸ் எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஃபயர்ஃபாக்ஸ் ஒன்றுதான், லிப்ரேஆபீஸ் ஒன்றுதான், நோட்டோ, லோஹித் எழுத்துருக்களும் ஒன்றுதான். சாதாரண ஆளுக்கு மாறுவதெல்லாம் பேக்கேஜ் எப்படி இறங்குகிறது, புது வெர்ஷன் எப்போது வருகிறது, எத்தனை வருடம் ஆதரவு, இவ்வளவுதான். அந்தப் புரோகிராமை எழுதியவர்களுக்கு இன்ன இடத்தில் இப்படி உடைகிறது என்று ஒரு ஸ்க்ரீன்ஷாட்டோடு பக் ரிப்போர்ட் போட்டிருந்தால், சரிசெய்தது எல்லா டிஸ்ட்ரோவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். இத்தனை ஓஎஸ் பார்த்தவர் இதுவரை ஒரு ரிப்போர்ட் போட்டதில்லை. ஒரு வரி மொழிபெயர்த்துக் கொடுத்ததில்லை. சம்பளமில்லாமல் யார் யாரோ ராத்திரி கண்விழித்துச் செய்த வேலையை வாராவாரம் ருசி பார்த்துவிட்டு, உப்புக் குறைவு என்று எழுந்து போகிறார். எனக்கு எரிச்சல் அங்கேதான்.

உங்களுக்கு எது நல்லது என்று கேட்டால் உபுண்டு எல்டிஎஸ், மின்ட், டெபியன் மூன்றில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் சரிதான். போட்ட பிறகு ஐந்து வருடம் அதைத் தொடாதீர்கள். அவர் பென் டிரைவோடு வந்து நின்றால், லேப்டாப் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.